கேக்கம்மாவின் சாப்பாட்டு நேரம்

பேக்கரியில் அவளை எல்லோரும் கேக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாகப் பிறந்தநாள் கேக்குகளின் மேல் கிரீம் ரோஜா வைத்தவள். கிரீம் நிரப்பிய கூம்பை ஒரு அழுத்து, மணிக்கட்டில் ஒரு திருப்பு, இதழ் விரிந்துவிடும். அவளுடைய சாப்பாடும் அங்கேயே நின்றபடி முடிந்துவிடும். கேக்கைச் சீராக வெட்டும்போது விழுகிற ஓரங்கள், உடைந்த பிஸ்கட், நடுநடுவே டீ.

நாற்பத்தொரு வயதில், ஒரு நாள் காலை பற்பசை மூடியைத் திறக்க வரவில்லை. விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. வேலை அசதி என்று தள்ளிப்போட்டாள். மூன்றாவது வாரம் கூம்பு கை நழுவி ஒரு கல்யாண கேக்கின் நடுவில் விழுந்தது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு தங்கச்சி" என்றார்.

முடக்குவாதம் என்றார் டாக்டர். உடம்பு தன் மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். மாத்திரை எழுதினார். தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பதிலைச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பயறு, கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம் என்று பெரும்பாலும் மண்ணில் விளைந்த உருவிலேயே சாப்பிடச் சொன்னார். எப்போதாவது ஒரு துண்டு கேக் தின்றால் குடி முழுகிவிடாது என்றும் சொன்னார்.

அவள் கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அதுவரை வெந்நீர் வைப்பதோடு அவர் சமையல் முடிந்தது. அன்று சாயங்காலமே அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளையெல்லாம் வாரி வெளியே கொடுத்துவிட்டு, "நீ என்ன சாப்பிடறியோ அதான் எனக்கும்" என்று அறிவித்தார். முதல் வாரம் பயறை ஊறப்போட மறந்து, அப்படியே வேகவைத்தார். கல்லைக் கடித்த மாதிரி இருந்தது. இனி பல்லுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் போல என்று அவள் சொல்ல, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மெல்ல மெல்லக் கை பழகியது. இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் பானை கொதிப்பதைக் கேட்டார். கத்தி பிடிக்க அவளால் முடியாததால் காய் நறுக்குவதும் அவரே.

எட்டு மாதத்தில் அசதி குறைந்தது. காலையில் விரல்கள் சீக்கிரமே மடங்கின. அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரர், இவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டு வைத்தார். அது மனதில் ஒட்டிக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வந்தது பாருங்கள் வலி, முழங்கால், தோள், மணிக்கட்டு என்று ஒன்றையும் விடவில்லை. தலை வாரக் கை தூக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் பின்னால் உட்கார்ந்து வாரிவிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுல ஒரு நாள்கூடத் தப்பலையே நான்" என்றாள். பிறகு, தலையைத் திருப்பாமலே, "மாத்திரையை நிறுத்திட்டேங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

சீப்பு நின்றது. திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர். "தினமும் டெப்போ வாசல்ல ஒரு கிரீம் பன் தின்னுட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன்."

"ஒண்ணா?"

"சில நாள் ரெண்டு."

அவள் சிரித்தாள். தோள் வலித்தது, ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு மறுபடி வாரத் தொடங்கினார்.

"பன்னு கிடக்கட்டும். வலியை மட்டும் என்கிட்ட மறைக்காதேம்மா."

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். சாப்பாடு மாத்திரைக்குத் துணை, அதற்குப் பதில் அல்ல என்று அவர் பொறுமையாக விளக்கி, ரத்தம் சோதித்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார். வீக்கம் வடிய நாலு மாதம் ஆயிற்று. வலக்கையில் இரண்டு விரல்கள் வளைந்தது வளைந்ததுதான். ரோஜா இனி வராது என்று தெரிந்த அன்று, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுப்புப் பக்கம் மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டாள்.

ஆறு வருடம் ஆகிறது. கேக் வெந்த பதத்தை வாசனையிலேயே சொல்லிவிடுவாள். மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணவர் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து அரை மணி நேரம் மென்று சாப்பிடுகிறாள். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடக் கூடாது என்பது முதலாளி போட்ட உத்தரவு. என்ன சாப்பிட்டுக் குணமானாய் என்று கேட்பவர்களிடம், "குணமாகலைங்க, நல்லா இருக்கேன்" என்கிறாள். மாத்திரையையும் மறக்காமல் சொல்கிறாள். சிலருக்கு அதில் ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை காலைகளில் இருவரும் சந்தைக்குப் போகிறார்கள். அவள் இடக்கையால் கீரைக்கட்டைத் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள். அவர் இரண்டு பைகளோடு பின்னால், அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்.