வரம்பில் உட்கார்ந்த இரண்டு நாட்கள்

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் நான் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முஸ்லிம்களான எங்கள் ஊருக்கும் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கும் இடையில் கலவரம் மூண்டு, அடங்கியும் அடங்காமலும் இருந்த நேரம். அவர்களின் வயல்கள் எங்கள் ஊருக்குப் பின்னால். எங்கள் வாப்பாவின் வயலோ அவர்கள் ஊருக்குப் பின்னால். இரண்டு பக்கமும் வேளாண்மை முற்றிச் சாயத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு கிழமை விட்டால் நெல் மண்ணோடு போய்விடும். ஆனால் வெட்டப் போக யாருக்கும் துணிவில்லை.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு சமாதானக் குழு வந்திறங்கியது. அதில் நரைத்த தலையோடு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், இரண்டு ஊராரையும் கூட்டிப் பேச வேண்டும் என்றார். ஆங்கிலம் தெரிந்தவள் என்று பெயரெடுத்திருந்தது வினையாகப் போயிற்று. மொழிபெயர்க்க என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்.

வாய்க்கால் பாலத்தடியில் கூட்டம். வெட்டு முடியும்வரை தங்கள் வாகனம் வெள்ளைக் கொடியோடு வீதியில் நிற்கும் என்றார் அவர். தமிழ் விவசாயி ஒருவர் எழுந்து என்னை நோக்கிக் கை நீட்டினார்.

"இவர் பிளேன் ஏறிப் போயிருவார். இஞ்ச கிடக்கப் போறது நாங்கதான். இந்த டீச்சர் எங்கட வெட்டுக்காரரோட வந்து வரம்புல இருக்கட்டும். அவட ஊராக்கள் அவ இருக்கிற இடத்துல கல்லெறிய மாட்டாங்க."

"யோசிக்க அவகாசம் கேட்கிறார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெள்ளைக்காரர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "அவர் உங்களைக் கைகாட்டி அல்லவா பேசினார்?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் நான் கூனிக் குறுகிப் போனேன். விவசாயி சொன்னதை முழுவதும் சொன்னேன், பயத்தில் மறைத்ததையும் ஒப்புக்கொண்டேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்றார் அவர்.

எங்கள் ஊராரோடு உட்கார்ந்திருந்த வாப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் திறக்குமுன் அந்த விவசாயியின் மனைவி எழுந்துவிட்டார்.

"டீச்சர் எங்கட வயலுக்கு வந்தா, நான் அவட வாப்பாட வயல்ல போய் இருக்கன்."

"உனக்கென்ன விசரா?" என்று பதறினார் கணவர்.

"ஏன், அவவும் பொம்புளப் புள்ளதானே?"

வாப்பா என் பக்கம் திரும்பி, "போ மகள், அல்லாஹ் காவல்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரம்பில் போய் உட்கார்ந்தேன். வெட்டுக்காரர்கள் தலை நிமிராமல் வெட்டினார்கள். வெயில் ஏறிய நேரம், எங்கள் ஊரார் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர்களில் ஒருவர் என் வகுப்பு மாணவியின் தகப்பன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார். மற்றவர்களும் போனார்கள். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கையில் ஒரு தடிகூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு இவ்வளவு பலமா!

இரண்டாம் நாள் மாலை, இரு பக்கமும் வெட்டு முடிந்து திரும்பும்போது பாலத்தில் அந்த விவசாயியின் மனைவியைக் கண்டேன்.

"பயந்தீங்களா டீச்சர்?"

"ஓம் அக்கா."

"நானும்தான். ரெண்டு நாளும் தண்ணிகூடத் தொண்டைக்குள்ள இறங்கல்ல."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டோம்.

குழு போய்விட்டது. கலவரம் பிறகும் வந்தது. ஆனாலும் அந்தப் போகத்து நெல் இரண்டு ஊரிலும் வீடு வந்து சேர்ந்தது. சமாதானம் பேச எங்கிருந்தோ பெரியவர்கள் வரத்தான் வேண்டும். ஆனால் அதற்காக நடுங்கிக்கொண்டாவது வெயிலில் போய் உட்கார வேண்டியது நாம்தான் என்பதை, யாரும் கேட்காமலே எழுந்து நின்ற அந்தப் பெண்ணிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.