எல்லை வாய்க்காலைத் தாண்டிய தீ

அந்தத் தீயை வைக்கச் சொன்னவன் நான். அது பக்கத்து நிலத்தை எரித்தபோது, நிலத்துக்காரர் மீதே பழியைப் போட்டவனும் நான். இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன்.

நாடு விடுதலை அடைந்த புதிது. மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருந்துகொண்டு, செங் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தேன். அங்கே எனக்கு ஒரு பிரிவின் வேலையாட்களை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கண்டக்டர் வேலை. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் வேலைகளுக்கு நம்மவர்கள் வரப்போகிறோம் என்பதில் எல்லாருக்கும் பெருமை. எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பெரிய துரைக்கு அடுத்த நிலையான சின்னத்துரை வேலை எனக்கே வேண்டும்.

அந்த வருடம் கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தோம். சாய்த்த மரங்களை எரிக்கக் கூடாது, வரிசையாக அடுக்கி மக்கவிட வேண்டும், நடுவில் பயற்றுக்கொடி விதைத்து மண்ணை மூட வேண்டும் என்பது பெரிய துரையின் கட்டளை. அதன் காரணத்தை வேலையாட்களுக்குத் தமிழில் விளக்கியவன் நானேதான். எரித்தால் மரம் புகையாகப் போகும், மக்கினால் மண்ணோடு சேரும் என்றேன். மண்ணில் கரிமத்தைச் சேர்ப்பது என்று இப்போது பத்திரிகைகளில் படிக்கிறேன். அன்று அந்தச் சொல் எங்களிடம் இல்லை.

ஆனால் மரத்தை அடுக்குவது மெதுவான வேலை. அடுத்த பிரிவின் கண்டக்டர் என்னை முந்திக்கொண்டிருந்தார். துரை சிங்கப்பூர் போயிருந்த சமயம், நல்ல வெயிலில், வேலையாட்களுக்குத் தலைவரான மண்டோரைக் கூப்பிட்டு மேட்டில் கிடந்த மரங்களைக் கொளுத்தச் சொன்னேன்.

"தொரை வேணாம்னு சொன்னாருங்களே, ஐயா."

"தொரை சிங்கப்பூர்ல இருக்காரு. இங்க நான் இருக்கேன்."

மத்தியானம் காற்று திரும்பியது. தீ எல்லை வாய்க்காலைத் தாண்டியது.

அந்தப் பக்கத்து நிலம், பல தலைமுறைக்கு முன்பே இந்த மண்ணோடு கலந்துவிட்ட மலாக்கா செட்டிகளில் ஒருவருடையது. அவர் வீடும் காஜா பெராங்கில்தான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மலாயில் இருக்கும். அண்ணன் முறை வைத்து அவரை 'அபாங்' என்பேன். நிப்பா இலைச் சுருட்டு ஒன்று எப்போதும் அவர் உதட்டில் புகைந்துகொண்டிருக்கும். எங்களுக்கு முன்பே மறுநடவு செய்து, சரிவு முழுவதும் கொடியைப் படரவிட்டிருந்தார். கன்றுகளையும் கொடியையும் தீ ஒரே பிற்பகலில் தின்று தீர்த்தது.

துரை திரும்பி வந்து விசாரித்தார். பக்கத்து நிலத்துக்காரர் சுருட்டை அணைக்காமல் போட்டதால் தீ அங்கிருந்துதான் வந்தது என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை என்னை நம்பினார். சில மாதங்களில் நான் சின்னத்துரை ஆனேன்.

பிறகு மழை வந்தது. மூடாக்கு இல்லாத இரண்டு சரிவுகளும் கரைந்து இறங்கின. கீழே கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்தின் வயல்களில், புதிதாக நட்ட நாற்றின் மேல் செஞ்சேறு படிந்தது. நான் பார்க்கப் போனேன். வயலில் நின்ற பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தோட்டத்தையும் அவன்தான் எரிச்சானாமே, துவான். பாவம் நீங்க. இனிமே எங்க வீட்டு விருந்துக்கு அவனைக் கூப்பிட மாட்டோம்."

பாவம் நீங்க என்ற சொல்லோடு வீடு திரும்ப முடியவில்லை. நேரே அபாங் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலாயில் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

"தீப்பிடிச்ச அந்த வாரம் முழுக்க எனக்குக் காய்ச்சல். நிலத்துப் பக்கமே போகல. என் பெண்டாட்டியே நம்பல, தெரியுமா? உன் சுருட்டுதான்னு இன்னிக்குக் காலையில கூட சொன்னா." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்," என்றது உள்ளிருந்து குரல். "அதுக்காக சுருட்டு மணக்குதுன்னு சொல்ல மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் நஷ்டஈடு என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும். கம்பத்துல போய்ச் சொல்லு. அப்புறம் வந்து கொடியை நடு. ஆள் வச்சு இல்ல, உன் கையால."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தபோது, கம்பத்துப் பள்ளிவாசல் முன் நின்று சொன்னேன். துரையிடமும் சொன்னேன். சின்னத்துரை வேலை அடுத்த பிரிவுக் கண்டக்டருக்குப் போனது. நான் மறுபடி கண்டக்டர் ஆனேன். ஓய்வு பெறும்வரை கண்டக்டராகவே இருந்தேன்.

ஞாயிறுதோறும் அபாங்கின் சரிவில் வேலை. விதையைச் சுடுநீரில் ஊறவைத்து, சரிவுக்குக் குறுக்கே கோடு இழுத்து விதைப்பேன். மழைநீர் தங்கக் குழி வெட்டுவேன். கொடி வளர்ந்த பிறகு, கன்றைச் சுற்றிக்கொண்ட கொடியைக் கையால் பிரித்துவிடுவேன். தோட்டத்துப் புல்வெட்டுப் பெண்கள் கூப்பிடாமலே வந்தார்கள்.

"மம்பட்டிய பாரு, கைப்புள்ளைய தூக்குற மாதிரி தூக்குறாரு சின்னத்தொரை."

"இப்ப தொரை இல்லக்கா, கண்டக்டர்."

"அப்படியா? அப்ப இன்னும் நல்லா குனியச் சொல்லு."

கம்பத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எரித்தவனே குனிந்து நிற்பதைப் பார்க்க வந்தவர்கள், பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை; அவர்களும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

தோட்டத்துச் சரிவிலும் துரை கொடி விதைக்கச் செய்திருந்தார். அடுத்த மழைக்காலத்தில் கொடி இரண்டு சரிவுகளையும் மூடியிருந்தது. மழை விட்டதும் ஓடிப்போய் எல்லை வாய்க்காலைப் பார்த்தேன். அடியில் கிடந்த கல் தெரியத் தெளிந்த தண்ணீர் ஓடியது. கம்பத்துக்காரர்கள் தங்கள் சிறு ரப்பர் நிலங்களுக்கு விதை கேட்டு வந்தார்கள். புக்கிட் பாரு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். யாரும் உத்தரவு போடாமலே அந்தச் சுற்றுவட்டாரத்தில் மறுநடவுக்கு எரிப்பது நின்றது. இரண்டு மொழி பேசும் மனிதர்கள் சேர்ந்து ஒரு மேட்டையும் அதன் கீழ் வயலையும் காப்பாற்றினோம். புது நாடு என்று அந்த நாட்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடுதான் நினைவுக்கு வரும். இன்று அங்கே வீடுகள். அடித்தளம் தோண்டியபோது போய்ப் பார்த்தேன். மேலே ஒரு சாண் அளவுக்கு மண் கறுப்பாக இருந்தது. அங்கே நின்றவர்களிடம் அது நாங்கள் உண்டாக்கிய மண் என்று சொன்னேன். அந்தப் பெருமையை மறைக்க நான் முயலவில்லை.

அபாங்கைக் கம்பத்தார் மறுபடி விருந்துக்கு அழைத்தார்கள். அவர் என்னோடும் பேசினார், வேலை வாங்கினார், கேலி செய்தார். ஆனால் நான் இருக்கும் இடத்தில் அவர் சுருட்டைப் பற்றவைத்ததே இல்லை. எடுத்துக் காதில் செருகிக்கொள்வார். நான் கிளம்பிச் சந்து திரும்பிய பிறகுதான் புகை வாசம் வரும். கடைசிவரை அப்படித்தான்.