பெயர் வைத்தவரின் வம்சம்

என் முதற் கணவர் கப்பல்துறை என்ற ஊரில், கண்டி வீதியோரமாக மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார். ஒரு காலை சைக்கிளில் சந்தைக்குப் புறப்பட்டவர், வழியில் மூண்ட துப்பாக்கிச் சண்டைக்குள் அகப்பட்டு இறந்துபோனார். அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. ஊரும் கலைந்துவிட, அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தேன்.

அத்தானோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் அங்கே வந்துபோவார். கிரேன் ஓட்டுபவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், நாற்பதை நெருங்கியும் தனியாள். எதிரில் ஆள் இருந்தாலும் வாய் திறக்கமாட்டார். அவர்தான் ஒருநாள் அக்காவிடம் என்னைப் பெண் கேட்டார். வயிற்றில் பிள்ளை இருப்பதை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஓம், தெரியும். பிள்ளையையும் சேர்த்துத்தான் கேக்கிறன்" என்றாராம்.

ஆசைப்பட்டு ஓம் சொன்னேன் என்றில்லை. இந்த மனிதரை நம்பலாம் என்று மட்டும் பட்டது. பதிவுத் திருமணத்துக்கு அவரின் தாய், என் மாமி, வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகு, குசினி அடுப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"சைவப் பெட்டை. வயித்தில வேற ஆளின்ர பிள்ளை. எங்கட பரம்பரை இதோட முடிஞ்சுது."

ஆனால் சாப்பாட்டில் வஞ்சகம் செய்யமாட்டார். மீனின் நடுத்துண்டு என் சோற்றுக் கோப்பையில்தான் விழும். பேச்சு மட்டும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களில் வீடுவீடாக வேதபாடக் கூட்டம் நடக்கும். இருட்டினால் வெளியில் போக ஏலாத காலம் என்பதால் மத்தியானமே வைத்தார்கள். வீட்டில் தனியே இருக்கப் பயந்து நானும் போனேன். அன்றைக்குப் போதகர், மேசியா தாவீது அரசனின் வம்சத்தில் வருவார் என்று தீர்க்கதரிசிகள் முன்பே சொன்னதை விளக்கினார். பிறகு இயேசுவின் வம்ச வரலாற்றை வாசித்தார். தகப்பன், மகன், அவன் மகன் என்று நீண்டு, கடைசியில் அது இயேசுவின் தாயின் கணவரான யோசேப்பிடம் வந்து நின்றது. புதிதாகக் கேட்ட எனக்கு அது விளங்கவில்லை.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ? பிள்ளை யோசேப்பின்ர இல்லையெண்டு சொல்லுறீங்கள். பிறகேன் யோசேப்பின்ர பரம்பரையை வாசிக்கிறீங்கள்?"

சிலர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண்களைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. மாமி தலையைக் குனிந்துகொண்டார். போதகர் பதில் சொல்லத் தொடங்குமுன், கூட்டங்களில் வாயே திறக்காத என் கணவர் பேசினார்.

"பேர் வைச்சது யோசேப்புதானே, ஐயா. தேவதூதன் அவரிட்டத்தானே பேர் வைக்கச் சொன்னது. பேர் வைச்சால் பிள்ளை அவற்ற பிள்ளை. அப்ப தாவீதின்ர வீடும் பிள்ளையின்ர வீடுதான்."

நிலத்தைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். காதுகள் சிவந்திருந்தன.

போதகர் ஆமோதித்தார். பெயர் வைத்து ஏற்றுக்கொண்டவனே தகப்பன் என்பதுதான் அந்த மக்களின் வழக்கம், தீர்க்கதரிசனம் நிறைவேறியதைத் திருச்சபை விளங்கிக்கொள்வதும் அப்படித்தான் என்றார். பிறகு அந்த வரிசையில் இருக்கும் ரூத்தைப் பற்றிச் சொன்னார். வேறு சனத்துப் பெண். விதவையாக அந்நிய ஊருக்கு வந்து மறுமணம் செய்தவள். தாவீதின் பாட்டனைப் பெற்றவள் அவள்தான்.

திரும்பி வரும்போது மாமி என் பக்கத்தில் நடந்தார். சோதனைச்சாவடி தாண்டியதும் வீதியைப் பார்த்தபடி,

"ரூத்தும் மாமியோடதான் வந்தவள்" என்றார்.

"அப்பிடியோ, மாமி?"

"ஓம். ஆறுதலாய்ப் பிறகு சொல்லுறன். இப்ப பார்த்து நட, கல்லுக் கிடக்கு."

மகன் பிறந்து சில மாதங்களில், அவனோடு நானும் ஞானஸ்நானம் பெற்றேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் என்று போதகர் கேட்டார். என் கணவர் நிதானமாக ஒரு பெயரைச் சொன்னார். அது கப்பல்துறையில் இறந்தவரின் பெயர். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மாமி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"அந்த மனுசன்ர பேரும் இஞ்ச இருக்கவேணும். ரூத்தின்ர கதையிலயும் செத்தவனின்ர பேர் அழியக்கூடாதெண்டுதானே கலியாணம் நடந்தது" என்றார்.

அன்று நான் வெகுநேரம் அழுதேன். இறந்தவருக்காக ஒழுங்காக அழ எனக்கு அதுவரை வாய்க்கவில்லை. என் கணவர் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு முற்றத்தில் போய் இருந்தார்.

அந்தப் பெயரைச் சொல்ல முதலில் மாமியின் நாக்கு தயங்கியது. பிறகு நாள் முழுக்க வீட்டில் கேட்டது அந்தப் பெயர்தான்.

மகனுக்கு விவரம் தெரியும் வயதில் எல்லாவற்றையும் சொன்னோம். அவன் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தோட்டம் இன்னும் இருக்கோ?" சண்டையால் மூடிக்கிடந்த வீதி திறந்திருந்த ஒரு நாளில் தகப்பனே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பாத்திகள் தெரியாமல் பற்றையும் புதருமாய் மூடிக் கிடந்ததாம். வேலியோரம் தேசி என்கிற எலுமிச்சை மரம் ஒன்று மட்டும் காய்த்திருந்ததாம். இரண்டு பேரும் கையெல்லாம் முள் கிழிக்க ஒரு பை தேசிக்காயோடு வந்தார்கள். மாமி அதில் பாதியை ஊறுகாய் போட்டார்.