கூப்பிடாத ஒரு வருடம்

சேதுவை ஒரு வருடம் நான் கூப்பிடவில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

இன்று காலை எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு. கீழே நின்றுகொண்டு மாடி வீட்டாரை உரக்க அழைக்க வேண்டாம், போன் செய்யவும். அப்படிக் கத்துகிற கிழவன் இங்கே ஒருவன்தான் என்பதால் பெயர் போடாமலே எனக்குப் புரிந்தது. என் பதில்: முடியாது. கத்துவேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

ரசத்துக்கு மிளகு இடிக்கிற வாசனை வந்தால் இன்றும் என் விரல்கள் சீட்டைத் தேடும். மலையாளக் கரையில், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கு இருந்தது. அங்கே சுமை தூக்கிய அப்துக்கா, படகு ஓட்டிய ஜோசேட்டன், கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த சேது, கல்லூரி வாத்தியாரான நான். சாயங்காலம் சாக்குகளை இழுத்துப் போட்டு இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம். பந்தயம் கிடையாது. தோற்றவன் காதில் குணுக்கு மாட்ட வேண்டும். நூலில் கட்டிய தென்னங்குரும்பை. பொருளாதாரம் நடத்திவிட்டு வந்து இரண்டு காதிலும் குரும்பை தொங்க உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை என் மாணவன் பார்த்துவிட்டான். மறுநாள் வகுப்பு முழுக்கத் தன் காதையே தடவிக்கொண்டிருந்தான், படவா.

யாரும் தானாகக் கிளம்பி வருவதில்லை. வாசலில் நின்று கூப்பிட வேண்டும். ஜோசேட்டன் என்னை, நான் சேதுவை. அந்தக் கூப்பாடு வீட்டாருக்கும் ஒரு தகவல்: இவன் இல்லாமல் அங்கே ஆட்டம் நடக்காது.

"எப்படி இருக்கிறாய்" என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. வசவு மட்டும்தான். ஜோசேட்டனின் மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன வாரம், அவர் கண்டபடி சீட்டை இறக்கினார். "என்னா சேட்டா, இன்னிக்குக் கண்ணாடியைப் படகிலேயே விட்டுட்டேளா?" என்றான் சேது. அவ்வளவுதான், அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கொஞ்சம் நீட்டினோம்.

நாங்கள் எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சேதுவின் மனைவி இறந்தாள். அப்போதுதான் நான் ஒரு சட்டம் போட்டேன்.

"அவனை விளிக்கண்டே மாஷே, கூப்பிட வேண்டாமா?" என்றார் அப்துக்கா. வாத்தியாரை அங்கே மாஷ் என்பார்கள். "ஒற்றைக்கு இருந்தா ஆள் கேடாயிப் போகும்."

"வருஷத் திவசம் முடியட்டும் இக்கா. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் காதிலே குணுக்கை மாட்டிண்டு சிரிச்சா நாலு பேர் என்ன சொல்லுவா?"

படித்தவன் பேச்சு எடுபட்டது. துக்கத்துக்கு மரியாதை செய்வதாக நானும் நம்பினேன். உண்மை வேறு. என் முன்னால் அவன் அழுதுவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தினமும் மூவராய்ச் சீட்டாடக் கிடங்குக்குப் போகிற வழியில் அவன் வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டேன்.

திவசம் முடிந்த மறுநாள் போய்க் கூப்பிட்டேன். மகள்தான் வெளியே வந்தாள். "அப்பா படுக்கற முறியை விட்டு எறங்கியே மாசக்கணக்காறது மாமா. குளிக்கறதில்லை, பேசறதில்லை. ராத்திரி கதவைச் சாத்த நான் விடறதில்லை, பயமாருக்கு."

டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: தனியாக விடுங்கள், தானே சரியாவார். தனியாக விட்ட லட்சணம்தான் தெரிகிறதே! மாத்திரை அதன் வேலையைச் செய்யட்டும். என் வேலை கூப்பிடுவது. தினமும் ஐந்து மணிக்கு அவன் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினேன். "சாருக்கு வேற ஜோலி இல்லையா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "இல்லை" என்றேன். மழையிலும் கத்தினேன். தொண்டை கட்டிய நாட்களில் குடைக்கம்பால் கேட்டைத் தட்டினேன்.

ஒரு நாள் ஜன்னல் திறந்தது.

"செத்துட்டேனான்னு பாக்க வரயோ?" தாடியும் எலும்புமாக நின்றான். "தினம் அஞ்சு மணிக்குச் சட்டையை மாட்டிண்டு உக்காந்திருந்தேன். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? நிக்காமப் போனாய். தினமும் போனாய்."

"தப்புத்தான் சேது. மரியாதைன்னு நெனச்சேன்."

"கொண்டு போய்க் காயல்ல கொட்டு, உன் மரியாதையை."

நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்துக் கீழே வந்தான். செருப்பு ஜோடி மாறியிருந்தது.

கிடங்கு இப்போது காப்பிக் கடை. சுவரில் ஓவியம், உள்ளே குளிர். ஜோசேட்டன் போய்ச் சேர்ந்தார். நாங்கள் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் ஆடுகிறோம். கார் நிற்கலாம், மனிதன் உட்காரக் கூடாதாம். அதற்கும் ஓர் அறிவிப்பு உண்டு. மூன்றாம் மாடியில் ஒரு பாங்க் மேனேஜர், ஓய்வு பெற்றதிலிருந்து பால்கனியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். "வெறுதே, சும்மா பாக்கத்தான்" என்று வந்தவர், இப்போது குணுக்குக்குச் சண்டை போடுகிறார்.

சேது தினமும் வருகிறான். சாப்பிடுகிறான். அவன் மகள் நிம்மதியாகத் தூங்குகிறாள். இந்த ஆட்டத்தில் எதிரே உட்காருகிறவன்தான் கூட்டாளி. நாற்பது வருடம் என் எதிரே உட்கார்ந்தவன், வந்த முதல் நாளே அப்துக்காவின் எதிரே போய் உட்கார்ந்தான். இன்றுவரை அங்கேதான். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவன் உயிரோடு என்னை எதிர்த்து ஆடட்டும், போதும்.

நேற்று நான் சீட்டைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். "மாஷே, இனி நீங்களாக்கும் எறக்கணும்" என்றான் சேது. பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை "டேய்" என்று அழைத்தவன். அப்படி அழைக்க இந்த ஊரில் வேறு ஆள் மிச்சமில்லை. சீட்டை இறக்கினேன்.