கிளச்சை நான் மிதித்த நாள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் காரின் கிளச்சை மிதித்திருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் டிரைவராக இருந்தார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. அந்த ஐப்பசியில் அவர் அருவிப் பக்கம் பாறையில் வழுக்கி விழுந்தார். இடது கணுக்காலில் எலும்பு முறிந்துவிட்டது. வைத்தியர் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பது நாள் காலை ஊன்றக் கூடாது என்றார்.

"வண்டி ஓட்ட வலது காலு போதாதா?" என்று நான் கேட்டேன்.

"ஏட்டி, கிளச்சு இடது காலுக்குல்லா இருக்கு" என்று சிரித்தார். படுத்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார். ஒரு கை இஞ்சினோடு சுற்றுகிற தட்டாம். மற்றொரு கை சக்கரத்துக்குப் போகிற தட்டு. ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்திருப்பதால் இஞ்சின் சுற்றினால் சக்கரமும் சுற்றும். கிளச்சை மிதித்தால் தட்டுகள் பிரிந்துவிடும். இஞ்சின் அது பாட்டுக்குச் சுற்ற, சக்கரம் சும்மா நிற்கும். அந்த நேரத்தில்தான் கியரை மாற்ற வேண்டும். பிறகு காலை மெதுவாக எடுத்தால் தட்டுகள் முதலில் உரசி, அப்புறம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். "வெடுக்குன்னு எடுத்தா வண்டி துள்ளி நின்னு போகும்" என்றார். எனக்கு என்னத்துக்கு இதெல்லாம் என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன்.

பங்களா அம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒருநாள் விடியற்காலையில் வலி எடுத்தது. மத்தியானம் ஆகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளை குறுக்கால கெடக்கு தாயி. எங்கையில ஒண்ணும் இல்ல. தென்காசி ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போவணும். மாட்டு வண்டியில போட்டுக் குலுக்குனா தாங்க மாட்டா" என்றாள்.

முதலாளி காவல்காரரையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டு காரியமாகத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறியிருந்தார். சீசன் முடிந்துவிட்டதால் வாடகைக் கார்களும் ஊரில் இல்லை. பங்களா அம்மா எங்கள் வாசலுக்கே வந்து நின்றாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"எய்யா, எம்பிள்ளைய எப்படியாவது கொண்டு போயிரு" என்றாள்.

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ பக்கத்துல உக்காந்து கிளச்சை மிதி. நான் சொல்லுத நேரம் மிதி, சொல்லுத நேரம் விடு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புருஷனோடு முன் சீட்டில் உட்கார்ந்து போகிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணோடு பின் சீட்டில் ஏறியிருந்த மருத்துவச்சி, "வெக்கப்பட இதாட்டி நேரம்? ஏறு!" என்று அதட்டினாள். ஏறினேன்.

கிளச்சு மூன்று மிதிகளில் இடது ஓரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் என் வலது கால் எட்டியது. ஆனால் அவருடைய கட்டுப் போட்ட காலும் அந்த இடத்தில்தான் நீட்டிக் கிடந்தது. அதில் படாமல் மிதிக்க வேண்டும். அவர் மிதி என்றதும் மிதித்தேன், விடு என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல விட்டேன். வண்டி நகர்ந்தது. பின்னால் அந்தப் பெண் முனகிக்கொண்டே வந்தாள். அவளுடைய அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இலஞ்சி தாண்டியதும் எதிரே வைக்கோல் வண்டிகள் வரிசையாக வந்தன. நிறுத்தி வழிவிட்டோம். கடைசி வண்டி போனதும் அவர் மிதி என்றார். அவசரத்தில் என் குதிகால் அவருடைய கட்டின் மேல் இறங்கிவிட்டது. "அம்மா!" என்று அலறினார்.

புருஷனைக் காலால் மிதித்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. அதற்குள் அவர் கியரைப் போட்டிருந்தார், கிளச்சு என் காலுக்கு அடியில் இருந்தது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவர் காலைத் தொட்டு இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. பின்னால் அந்தப் பெண் வீரிட்டாள்.

அவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். இஞ்சின் முக்கிவிட்டு அடங்கியது. பெட்ரோல் நாற்றம் குப்பென்று வந்தது. "பெட்ரோல் மிஞ்சிட்டு. கொஞ்சம் பொறுக்கணும். இப்ப பிடிக்காது" என்றார். மழை பிடித்துக்கொண்டது. ஒரு உலை கொதிக்கிற நேரம் அங்கேயே கிடந்தோம். முனகல் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. முனகலாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, பாவ புண்ணியத்தையெல்லாம் அங்கன போய்ப் பாத்துக்கிடலாம். எங்காலு மேல ஏறி நின்னாலும் செரி, கிளச்சை மட்டும் விட்ராத" என்று என் காதோடு சொன்னார்.

இஞ்சின் பிடித்தது. அதன் பிறகு அவர் கால் மேலேயே என் காலை வைத்து மிதித்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் தாயைப் பிழைக்க வைத்தார்கள். ஆண் பிள்ளை. உயிர் இல்லை. "உயிரு நேத்தே போயிருக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னதாக மருத்துவச்சி வந்து சொன்னாள். உண்மையா, எங்கள் ஆறுதலுக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தை பிறந்ததும் அந்தப் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரின் கணுக்கால் கோணலாகத்தான் கூடியிருந்தது. ஆனாலும் அவரே வண்டி எடுத்தார். ஏறப் போனவள் நின்று, எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு வழியில வண்டி நின்னுட்டே. என்னத்துக்கு நின்னுச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டும்மா. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார் அவர்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உரியவள் நான். ஒரு எட்டு முன்னால் வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.