ஒன்பதாம் எண்ணுக்கு நான் சொன்ன பதில்

கொச்சிக்குப் போக வேண்டாம் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தோன்றிக்கொண்டிருந்தது. தோன்றியதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் சபையின் முதியோர் ஐக்கியத்தில் பதினான்கு பேர். பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். நான் இரண்டாவது வகை. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். என் மனைவி கணக்கு டீச்சர். குரோம்பேட்டையிலிருந்து செம்பாக்கம் வரை தெருவுக்குத் தெரு அவளிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்களுக்குத் தலைவி ஒரு பழைய ஹெட்மிஸ்ட்ரஸ். எல்லாரும் ஹெச்.எம். டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகன் சிறுசேரியில் பெரிய வேலை. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, எங்கள் கூட்டம் மொத்தத்துக்குமாக, கொச்சியில் ஒரு மதியம் முழுவதும் ஒரு யாட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். தண்ணீரிலிருந்தே பழைய கொச்சியைப் பார்க்கலாம், வேறு ஆள் யாரும் ஏற மாட்டார்கள் என்று ஹெச்.எம். டீச்சர் ஆராதனை முடிந்து அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினோம். "யாட்னா இன்னா சார், முட்டுக்காடு போட் மாதிரிதானே?" என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் கேட்டார். நான் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாரும் நிறுத்திய பிறகும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதமாக அப்படித்தான். ஏரிக்கரையில் காலை நடை போவோம். நான்கு சுற்று முடிந்து நான் வீட்டுப் பக்கம் திரும்பினால், "இப்பத்தானே வந்தோம், இது முதல் ரவுண்டு" என்பாள். வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சண்டை போட்டேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஒரு நாள் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியவள் வீட்டுக்கு வழி தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் என் கோபம் பயமாக மாறியது.

டாக்டர் அவளிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "எனக்கேவா?" என்று முறைத்துவிட்டு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கடகடவென்று இரண்டு வரை இறங்கினாள். நான் பெருமையாக டாக்டரைப் பார்த்தேன். "இப்ப நாம எங்கம்மா இருக்கோம்?" என்று கேட்டார். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஸ்டாஃப் ரூம்ல" என்றாள். டாக்டர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவள் தெளிவாக இருந்தாள். தெளிவாக இருந்ததுதான் கொடுமை. என் கையைப் பிடித்து, "சர்ச்சுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சபையில் ஒருவருக்கு நோய் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பில் வாசிப்பார்கள். முட்டி ஆபரேஷனுக்கும் அமெரிக்கா விசாவுக்கும் நடுவில் அவள் பெயர் வரும். சாயங்காலம் எட்டுப் பேர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து அழுது ஜெபிப்பார்கள். அன்பாகத்தான் செய்வார்கள். ஆனால் மறு வாரத்திலிருந்து அவள் டீச்சர் இல்லை, பாவப்பட்ட ஒரு ஜீவன். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதன் பிறகு எனக்கு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. யார் அவளிடம் எதைக் கேட்டாலும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "டீச்சர், பொண்ணு எப்ப வராங்க?" "டிசம்பர்ல." "டீச்சர், இன்னைக்கு என்ன குழம்பு?" "வத்தக்குழம்பு." கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் பெண்டாட்டியைப் பேசவிடாத மனுஷன் என்று பெயர் வாங்கினேன். பரவாயில்லை என்றிருந்தேன். கொச்சிக்கு நாங்கள் மட்டும் வரவில்லை என்றால் கேள்வி வரும். அவளும் போயே தீருவேன் என்றாள். போனோம்.

பெண்கள் எட்டுப் பேரும் பயணத்துக்கென்று ஒரே மாதிரி சேலை எடுத்திருந்தார்கள். மஞ்சள் உடல், அரக்கு பார்டர். எங்கள் பெண்கள் எங்கே கும்பலாகப் போனாலும் இப்படித்தான், கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிடாமல் இருப்பதற்காம். ஹெச்.எம். டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. வெயிலில் முகம் எதுவும் தெரியாது. அதனால் ஆளுக்கொரு எண் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரி, ஒவ்வொரு இடத்திலும் குரலை வைத்து எண்ணிக்கொண்டார். அவர் ஒன்று. நான் எட்டு. என் மனைவி ஒன்பது. பார்க் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முதல் தடவை எண்ணியபோதே நான், "எட்டு, ஒன்பது" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "சார் டீச்சரை எண்ணக்கூட விட மாட்டேங்கறாரே" என்றது ஒரு குரல். ரயிலில் ஏறும்போதும், எர்ணாகுளத்தில் இறங்கியபோதும், யாட்டில் கால் வைத்தபோதும் அப்படியே சொன்னேன். நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டது.

யாட் வெள்ளையாக, சோப்பு போட்டுக் கழுவியது போல் சுத்தமாக இருந்தது. மேலே திறந்த தளம், கீழே கண்ணாடி வைத்த அறை. மதியம் இரண்டு மணிக்கே வானம் இறங்கி வந்து தண்ணீரின் மேல் உட்கார்ந்திருந்தது. காற்று இல்லை. புகைப்படங்களில் பார்த்த கொச்சி ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போனது. ஓட்டுக்கூரை போட்ட மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள், தண்ணீருக்குள்ளேயே இறங்கும் படிகள், கதவு பெயர்ந்து இருட்டாகத் தெரியும் வாசல்கள். போர்ச்சுகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், வெள்ளைக்காரன் வந்தான் என்று கேப்டன் மைக்கில் தமிழும் மலையாளமுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வந்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது. என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கண் கொட்டாமல் பார்த்தாள். "இந்த ஊர் நல்லா இருக்கே. யாரும் இல்லையா இங்க?" என்றாள். நான் அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஃபோர்ட் கொச்சியில் முக்கால் மணி நேரம் இறங்கிப் பார்க்க விட்டார்கள். இங்கே நான் பொய் சொல்லப்போவதில்லை. சீன மீன்பிடி வலைகளைப் பார்த்து எல்லாரும் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, என் கை வலித்தது. இரண்டு நாளாக ஒரு மனுஷியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே நடந்த கை. படகுத்துறைப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, "டாய்லெட் போயிட்டு வரேன், இங்கேயே இரு" என்றேன். டாய்லெட்டுக்குப் போகவில்லை. ஒரு மரத்தடியில் போய் நின்று டீ குடித்தேன். யாருக்கும் பதில் சொல்லாமல் பத்து நிமிஷம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த டீயின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக வருகிறது.

தூறல் விழத் தொடங்கியது. கேப்டன் ஹாரன் அடித்தார். நான் திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி. மஞ்சள் சேலைகள் கொத்தாக, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, யாட்டின் கீழறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. கடைசியாக இறங்கிய முதுகு அவள் முதுகுதான் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது.

"ஒன்று!" என்று ஹெச்.எம். டீச்சர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். கீழறையிலிருந்தும் மேலிருந்தும் எண்கள் வந்தன. ஏழு வந்தது. "எட்டு, ஒன்பது" என்றேன். பத்து, பதினொன்று என்று பதினான்கு வரை போனது. "ஸ்தோத்திரம், கிளம்பலாம்" என்றார் டீச்சர்.

கால் மணி நேரம் கழித்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கண்ணாடி ஓரமாக மஞ்சள் சேலைகள் சமோசா தின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு பாத்ரூம் கதவைத் தட்டினேன். அது திறந்தேதான் கிடந்தது.

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியவில்லை. "என் வொய்ஃப் வரல. திருப்புங்க" என்றேன். கேப்டன் நல்ல மனிதர்தான். ஆனால் நீரோட்டம் மாறப்போகிறது, பின்னால் பெரிய மழை வருகிறது, எல்லாரையும் எர்ணாகுளத்தில் இறக்கிவிட்டுத் தனிப் படகு அனுப்புகிறேன் என்றார். "ஃபோன் உண்டோ?" என்று கேட்டார். அவளுடைய ஃபோன் என் பையில் இருந்தது. இல்லாத மனுஷர்களுக்கெல்லாம் அவள் ஃபோன் போடுகிறாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

ஹெச்.எம். டீச்சர் என் தோளைத் தட்டினார். "ஏன் சார் பதர்றீங்க? டீச்சர் எவ்ளோ புத்திசாலி! யாரையாவது கேட்டு ஃபெர்ரி புடிச்சு நமக்கு முன்னாடி போய் நிப்பாங்க, பாருங்க" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார். "இன்னைக்குத்தான் சார் டீச்சருக்கு விடுதலை" என்றார். யாட் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் வலைகள் சின்னதாகிக்கொண்டே போயின. ஆறு மாதம் நான் பொத்திப் பொத்திக் கட்டிக் காத்த அந்தப் புத்திசாலி டீச்சர்தான் இப்போது படகைத் திருப்பவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ வர மாட்டா" என்றேன். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அவளுக்கு இது எந்த ஊர்னு தெரியாது. யார் கூட வந்தோம்னு தெரியாது. அவளுக்கு மறதி நோய். ஆறு மாசமா. நாந்தான் மறைச்சேன்."

கேப்டன் உடனே சக்கரத்தைத் திருப்பினார். ஹெச்.எம். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு அப்படியே கண்ணை மூடி, "எங்கள் பிதாவே, இந்த மகளை" என்று ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு தலைகள் குனிந்தன. அவளைப் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். எதற்குப் பயந்தாளோ அது என் கண் முன்னால், நடுத் தண்ணீரில், நடந்தது. ஒன்பது என்பதை அவள் மறந்திருக்கவே மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்கள்தான் அவளுக்கு மறக்கவே மறக்காதே. வாயை மூடிக்கொண்டு நான் எட்டோடு நிறுத்தியிருந்தால் ஒன்பதில் ஒரு மௌனம் விழுந்திருக்கும். அந்த மௌனம் போதும், அவளை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டோம்.

துறையில் பெஞ்ச் நனைந்து கிடந்தது. அதற்குக் கீழே துறைப் படிக்கட்டில் தண்ணீர் முன்பைவிட ஒரு படி ஏறியிருந்தது. அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு எதையும் பார்க்க முடியவில்லை. எலுமிச்சை சோடா விற்கிறவர் எதிர்க்கரையைக் காட்டினார். மஞ்சள் சேலைக்கார அம்மா ஒருத்தர் கூட்டத்தோடு வைப்பின் போகும் ஃபெர்ரியில் ஏறினார் என்றார். அழுதாரா என்று கேட்டேன். இல்லை, யாரையோ தேடுகிற மாதிரி இருந்தார் என்றார்.

கேப்டன் யாட்டை அப்படியே அங்கே விட்டார். வைப்பின் கரையில் டிக்கெட் கூண்டுக்குள் ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. டிக்கெட் கொடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "நிங்கள்தானா அம்மையோட பர்த்தாவு? ஃபெர்ரியில யாரையோ தேடி வந்த மாதிரி இருந்தது. ஊரைக் கேட்டா மிண்டல, பேரைக் கேட்டா மிண்டல" என்றாள். வாயே திறக்கவில்லை என்றாள்.

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்னைத் தெரிந்தது. ஆண்டவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், தெரிந்தது. எழுந்து வந்து என் கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாள். மழையில் நடந்து வரும்போது காதருகே குனிந்து, "பயந்துட்டீங்களா? எவ்ளோ கேட்டாங்க தெரியுமா. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் "சரிம்மா" என்றேன்.

யாட்டில் அவளை ஏற்றிவிட்டேன். தளத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் அவள் வந்ததும் யாரும் எழுந்து நின்றதில்லை. ஒருவர் இடம் ஒதுக்கினார், ஒருவர் துண்டை நீட்டினார். ஹெச்.எம். டீச்சர் ஈரக் கண்ணோடு, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "வாடா கண்ணு, வந்து உக்காரு" என்றார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எத்தனையோ வகுப்புகளின் முகத்தைப் படித்தவள். கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு என் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, போய் ஓரமாகத் தனியாக உட்கார்ந்தாள்.