ஓடினது மட்டும்தான்

அந்தப் புத்தகத்தின்ரை பேரை நான் சொல்லமாட்டன். எழுதின மனிசன்ரை பேரையும் சொல்லமாட்டன். அவருக்கு விளம்பரம் செய்ய எனக்கென்ன விசரே? தோர்ண்டன் ஹீத்திலை கார் திருத்துற கராஜ் வைச்சிருக்கிறவர், கோயில் தேர் அண்டைக்கு வெள்ளை வேட்டியோடை முன்னுக்கு நிக்கிறவர் எண்டு மட்டும் சொல்லுறன். ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி ஜெர்மனியிலை பந்தயக் கார் ஓடின ஒருத்தரைப் பற்றித் தமிழிலை ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். லண்டன் தமிழ்ச் சனம் எதை எழுதினாலும் ஒரு வெளியீட்டு விழா வைக்கும். வைக்கட்டும். என்னை ஏன் மதிப்புரைக்குக் கூப்பிட வேணும்?

கூப்பிட்டவர் விழாக் குழுச் செயலாளர். ஊரிலை பள்ளிக்கூட அதிபராய் இருந்து இளைப்பாறினவர், ஆரோடையும் பகைக்காத மனிசன். "ரீச்சர், ஜெர்மன் பாஷை வடிவாய்த் தெரிஞ்ச ஆக்கள் உங்களை விட்டால் இஞ்சை ஆர் இருக்கினம்?" எண்டார். அது உண்மைதான். அகதியாய் நான் முதல் போய் இறங்கினது ஜெர்மனியிலை. அங்கை படிச்ச பாஷையை வைச்சுத்தான் பேந்து லண்டனுக்கு வந்து, பென்ஷன் எடுக்குமட்டும் ஒரு பள்ளிக்கூடத்திலை ஜெர்மன் படிப்பிச்சனான். ஆனால் கூப்பிட்டது அதுக்காக இல்லை எண்டு எனக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும்.

என்ரை தம்பியை ஏத்திக்கொண்டு போன வானை ஓடினது இந்த மனிசன்.

ஊரிலை ஒரு இயக்கத்துப் பெடியள் மற்ற இயக்கத்துப் பெடியளைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்ச காலம் அது. தம்பி ஒரு இயக்கத்திலையும் இல்லை. ஏ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தவன். ஆரோ ஒருத்தனுக்குச் சைக்கிள் இரவல் குடுத்தவன், அந்த ஒருத்தன் வேறை இயக்கம், அதுதான் குற்றம். பின்னேரம் ரியூசன் வாசலிலை வைச்சு, "விசாரிச்சுப்போட்டு விடுறம்" எண்டு சொல்லி வானிலை ஏத்தினவை. பாத்துக்கொண்டு நிண்ட சனம் எல்லாத்துக்கும் தெரியும், ஸ்டியரிங் பிடிச்சவர் பக்கத்து ஊர் லொறி முதலாளியின்ரை மகன் எண்டு. துவக்கோடை ஏறி இருந்தவை எல்லாரும் பேந்து ஒவ்வொருத்தராய்ச் செத்துப்போச்சினம். மிஞ்சினது றைவர் மட்டும்.

அம்மா அவையின்ரை முகாம் முகாமாய் ஏறி இறங்கினவ. "அப்பவே விட்டிட்டம், எங்கையும் போயிருப்பான்" எண்டு சொன்னவை. விட்டால் வீட்டை வராமல் எங்கை போறது? செத்த நாள் தெரியாமல் எந்தத் திதியிலை திவசம் செய்யிறது? அம்மா அதைச் செய்யாமலே போய்ச்சேந்திட்டா. எனக்கு இப்ப ஆரையும் சிறையிலை போட வேண்டாம், ஆரும் என்ரை காலிலை விழவும் வேண்டாம். அவனைக் கொண்டுபோய் எங்கை இறக்கினவை எண்டு தெரிய வேணும். அவ்வளவுதான்.

இதை நான் அந்த மனிசனிட்டைக் கேக்காமலும் இல்லை. விம்பிள்டன் கோயிலிலை செருப்பு வைக்கிற இடத்திலை வைச்சு, ஒருக்கால் மறிச்சுக் கேட்டனான். ஆள் குனிஞ்சு தன்ரை சப்பாத்தைத் தேடிக்கொண்டே சொன்னார்: "நான் வான் ஓடினது மட்டும்தான் ரீச்சர். வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது." அதுக்குப் பிறகு என்னைக் கண்டால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தாலை போவார். அவற்றை மனிசி தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புவா. நான் அதைப் பெட்டியோடை குப்பைத் தொட்டிக்குள்ளை போடுவன்.

இந்த லட்சணத்திலை எனக்கு மேடையிலை கதிரை. செயலாளர் மென்று விழுங்கிக் கடைசியிலை உண்மையைக் கக்கினார். கராஜ்காரர் எங்கடை ரெண்டு ஊருக்கும் பொதுவான சங்கத்துக்குத் தலைவராய் நிக்கப்போறாராம். சனம் பழசைக் கிளறுதாம். "நீங்கள் அவற்றை புத்தகத்தைப் பற்றி நாலு வார்த்தை கதைச்சால் சனத்தின்ரை வாய் அடங்கும். பழசும் ஒருமாதிரி முடிஞ்சுபோகும்."

"பழசெண்டால் என்ன பழஞ்சோறே, தண்ணியை ஊத்தி முடிக்கிறதுக்கு?" எண்டு கேட்டுப்போட்டு ஃபோனை வைச்சிட்டன்.

ரெண்டு நாளிலை புத்தகம் தபாலிலை வந்து விழுந்தது. முதல் பக்கத்திலை "மதிப்புக்குரிய ரீச்சருக்கு" எண்டு அவற்றை கையெழுத்து. வெக்கம் மானம் இருக்கிறவன் அப்பிடி எழுதுவானே? குப்பைக்குள்ளை போடத்தான் எடுத்தனான். ஆனால் அட்டையைப் பாத்த உடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தப் பந்தயக்காரர் வெண்டு முடிஞ்சு, கழுத்திலை இலை மாலையோடை நிக்கிறார். வலக்கை தோளோடை வெட்டுப்பட்டிருக்கு. அந்தப் படத்தை நான் முழுசாய் ஜெர்மனியிலை ஒரு மியூசியத்திலை பாத்தனான். முழுப்படத்திலை கை நேராய் முன்னுக்கு நீண்டிருக்கும், அந்தக் கட்டை மீசைக்காரனுக்கு வைக்கிற வணக்கம். கை வேண்டாம், மாலை மட்டும் வேணும். கெட்டித்தனம்தான்.

பேந்து குந்தியிருந்து வாசிச்சன். வசதி இல்லாத வீட்டுப் பெடியன். மற்றவையின்ரை காருக்குக் கீழை படுத்து நட்டுக் கழட்டி வளந்தவன். மோட்டார் சைக்கிள் ஓட்டத்திலை பேர் எடுத்து, பெரிய கார்க் கொம்பனியிலை மெக்கானிக்காய்ச் சேந்து, ஒருநாள் பரீட்சை ஓட்டத்திலை அங்கை இருந்த பெரிய ஓட்டுநர்மாருக்குச் சரிசமனாய் ஓடிக் காட்டினவன். அதோடை வெள்ளி நிறக் கார், மலைப்பாதைப் பந்தயம், காட்டைச் சுத்தி வளைஞ்சு போற நீட்டு ஓடுபாதை. இங்கிலாந்துக்கும் வந்து ஓடினவையாம், இஞ்சத்தையான் கார்கள் எல்லாம் எங்கையோ பின்னுக்கு நிண்டுதாம். சும்மா சொல்லக்கூடாது, கராஜ்காரருக்கு எழுத வருது. மழைக்குள்ளை ஓடுற அத்தியாயத்தை நான் ரெண்டுதரம் வாசிச்சன். முன்னாலை போற கார் அடிக்கிற தண்ணியிலை ஒண்டும் தெரியாமல், சத்தத்தை மட்டும் கேட்டு வளைவை எடுக்கிறதை அப்பிடி எழுதியிருக்கிறார். அதை ரசிச்சன் எண்டு நினைக்க எனக்கு என்னிலையே கோபம் வந்தது.

ஆனால் அந்தக் கார்களைச் செய்ய ஆர் காசு குடுத்தது? அந்த அரசாங்கம். பந்தயம் ஓடினவையைக் கட்சியின்ரை மோட்டார்ப் படையிலை சேத்து, பதவியும் குடுத்து, எங்கடை இனம் எவ்வளவு கெட்டிக்கார இனம் பாருங்கோ எண்டு உலகத்துக்குக் காட்டினவை. அதே வருஷங்களிலை யூதச் சனத்தின்ரை கடை கண்ணாடியை உடைச்சு, அவையளை ஏத்தி இறக்கத் துவங்கியாச்சு. இந்தப் புத்தகத்திலை அது ஒரு வரி இல்லை. அதுக்குப் பதிலாய் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரே பல்லவி: அவருக்கு அரசியல் தெரியாது, அவர் ஓடினது மட்டும்தான். எனக்கு அது கோயிலிலை செருப்பு வைக்கிற இடத்திலை கேட்ட அதே குரல். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். இந்த மனிசன் ஜெர்மனியிலை இருந்து சோறு இறக்கி மறைக்கிறார்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தன். தன்ரை அனுபவத்திலை சொல்லுறனெண்டு தொடங்கி, ஓட்டுநர் எண்டவன் பெத்த தாயின்ரை முகத்தை மறந்தாலும் தான் ஓடின பாதையிலை ஒரு வளைவையும் மறக்கமாட்டான், வயசு போனாப் பிறகும் கண்ணை மூடினால் முழுக்கச் சொல்லுவான் எண்டு எழுதியிருந்தார். நான் அந்த இடத்திலை ஒரு கடுதாசித் துண்டை வைச்சு மூடினன். செயலாளருக்கு ஃபோன் அடிச்சு, "நான் வாறன்" எண்டன். அந்த மனிசன் சந்தோசத்திலை முருகனையும் பிள்ளையாரையும் ஒண்டாய்க் கூப்பிட்டார்.

தோர்ண்டன் ஹீத்திலை ஒரு சேர்ச் ஹோல். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நல்ல சனம். பின்னுக்கு ரோல்சும் வடையும் ரீயும். குத்துவிளக்கு ஏத்தினவை. பேந்து எங்கடை விழாக்களிலை வழமைபோலை, செத்துப்போன எல்லாருக்கும் அகவணக்கம் எண்டு எழும்பி நிண்டது. எனக்குப் பக்கத்துக் கதிரைக்காரர், கராஜ்காரர், கையைக் கட்டித் தலையைக் குனிஞ்சு கொண்டு நிக்கிறார். நீர் ஆருக்கடாப்பா தலை குனியிறீர் எண்டு கேக்க வாய் உன்னினது. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். பேந்து நகைக்கடைக்காரர் முதல் பிரதி வாங்கினார், எல்லாரும் கை தட்டினவை.

இப்பிடியான மேடையிலை மதிப்புரை எண்டால் என்ன செய்யிறவை எண்டு எல்லாருக்கும் தெரியும். பாதி புத்தகம் வாசிச்சு, பின்னட்டையைச் சொந்த வசனத்திலை சொல்லி, நூலாசிரியர் இன்னும் கனக்க எழுத வேணும் எண்டு வாழ்த்திப்போட்டு இருக்கிறது. கடைசியிலை எழுதினவர் எழும்பி ஏற்புரை சொல்லுவார், எங்கடை கதைக்கெல்லாம் மறுமொழி குடுப்பார். நான் அந்த ஏற்புரையைத்தான் நம்பி வந்தனான்.

மைக்கைப் பிடிச்சு முதல் மழை அத்தியாயத்தைப் புகழ்ந்தன். முன்வரிசையிலை அவற்றை மனிசி தலையாட்டிக்கொண்டு இருந்தவ. பேந்து அட்டையைத் தூக்கிக் காட்டி, வெட்டின கை எங்கை எண்டு கேட்டன். காசு குடுத்த அரசாங்கத்தைச் சொன்னன், கட்சிப் பதவியைச் சொன்னன். செயலாளர் மணியைத் தட்டினார். "தட்டுங்கோ, எனக்குக் காது கேக்கும்" எண்டு சொல்லிப்போட்டு, கடுதாசி வைச்ச பக்கத்தை எடுத்து வாசிச்சன்.

"இது உங்கடை சொந்த அனுபவம் எண்டு எழுதியிருக்கிறியள்" எண்டு அவற்றை பக்கம் திரும்பினன். "என்ரை தம்பியை ரியூசன் வாசலிலை ஏத்தின வானை நீங்கள் ஓடினனீங்கள். எங்கை இறக்கினது எண்டு கேட்டதுக்கு, தெரியாது எண்டு எனக்குச் சொன்னனீங்கள். இந்தப் பக்கம் பொய்யெண்டால், வித்த புத்தகத்தை எல்லாம் திருப்பி வாங்குங்கோ. உண்மையெண்டால், ஏற்புரையிலை பாதையைச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

போய் இருந்திட்டன். ஆரும் கை தட்டேல்லை. செயலாளர் அவசரமாய் நன்றியுரைக்காரரைக் கூப்பிடப் பாத்தார். கராஜ்காரர் கையைக் காட்டி மறிச்சுப்போட்டுத் தானே எழும்பினார்.

எழுதி வந்த பேப்பரை விரிச்சு நன்றி சொல்லத் துவங்கினார். ரெண்டு வரியோடை நிண்டார். பேப்பரை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார். அவமானத்திலை இறங்கிப் போகப்போறார் எண்டுதான் நான் நினைச்சனான். மனிசன் கண்ணை மூடினார்.

"ரியூசனிலை இருந்து வெளிக்கிட்டு வாசிகசாலைச் சந்தி. அதிலை இடது கைப்பக்கம். பிள்ளையார் கோயில் கேணியடியிலை றோட்டு ஒடுங்கும், ரெண்டாம் கியர் போட வேணும். ரெயில் கடவை. கடவை தாண்டிக் கள்ளுத் தவறணை, அதிலை வலது. பேந்து தார் முடிஞ்சுபோகும், மணல் ஒழுங்கை, ரெண்டு பக்கமும் பனை வளவு. ஒழுங்கை மூண்டுதரம் வளையும். மூண்டாவது வளைவிலை ஒரு சீமெந்துக் கட்டுக் கிணறு, பக்கத்திலை பாதி இடிஞ்ச புகையிலைக் குடில். அதிலைதான் நிப்பாட்டினனான்."

ஒரு இடத்திலையும் தடுமாறேல்லை, யோசிக்கேல்லை. ரெண்டு கையும் மைக் மேசையின்ரை விளிம்பைப் பிடிச்சபடி, இடது எண்டேக்கை இடப்பக்கம் திரும்பினது, வலது எண்டேக்கை வலப்பக்கம் திரும்பினது. ஒருநாளும் மறக்கேல்லை. அம்மா உயிரோடை இருக்கேக்கையும், செருப்பு வைக்கிற இடத்திலை குனிஞ்சு நிக்கேக்கையும் இது முழுக்க அந்தத் தலைக்குள்ளை இருந்திருக்கு. அதுவரைக்கும் எனக்கு அவரிலை இருந்த கோபம் கோபமே இல்லை எண்டு அப்பதான் விளங்கினது.

"அவரை ஆரும் இழுக்கேல்லை" எண்டார், இன்னும் கண் திறக்கேல்லை. "தானே இறங்கினவர். மற்றவை முன்னாலை நடந்திட்டினம். இவர் என்ரை கண்ணாடிப் பக்கத்துக்கு வந்து, 'வாறன் அண்ணை' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

எங்கடை வீட்டிலை படலை தாண்டிப் போறவை 'போறன்' எண்டு சொல்லக்கூடாது. சொன்னால் அம்மாட்டை அடி விழும். நான் கதிரையிலை இருந்தபடியே, மைக் இல்லாமல் கேட்டன்:

"நீங்கள் அதுக்கு என்ன சொன்னனீங்கள்?"

மனிசன் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தார்.

"ஓம் தம்பி, போயிட்டு வாரும் எண்டனான்."